செத்துப்போன கடலுக்குத் திரும்பிவந்த மீன்கள்! - கனடாவின் ‘ஹோவ் சவுண்ட்’ ஃபியோர்டின் கதை

மலைகளுக்கு நடுவே புகுந்த கடல்... அதில் வந்து கலக்கும் பால் நிற ஆறுகள்... இடையில் 70 ஆண்டுகள் ஓடிய ஒரு செம்புச் சுரங்கம்!

பார்த்தால் சாதாரண ஓடைதான். மலையிலிருந்து சலசலத்து இறங்குகிறது, நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் நுழைகிறது, அப்படியே கடலில் கலந்துவிடுகிறது. பெயர், பிரிட்டானியா ஓடை. கனடாவின் வான்கூவர் நகரத்திலிருந்து காரில் கிளம்பினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

2011-ம் ஆண்டு இந்த ஓடையில் பிங்க் சால்மன் மீன்கள் நீந்துவதைப் பார்த்தார்கள். உடனே அது செய்தியானது. ஓடையில் மீன் நீந்துவதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்கலாம். இங்கே அது பெரிய செய்திதான். ஏனென்றால், பல தலைமுறைகளாக இந்த ஓடையில் மீனே கிடையாது. ஒருகாலத்தில் ஓடை வாய்க்கு அருகே சால்மன் குஞ்சுகளைக் கூண்டில் விட்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது, இரண்டே நாளில் அத்தனையும் இறந்துபோயின.

அப்படிப்பட்ட தண்ணீருக்கு மீன்கள் எப்படித் திரும்பி வந்தன? அதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்தக் கடலையும் அதில் வந்து விழும் ஆறுகளையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலைக்குள் நுழைந்த கடல்

பள்ளிக்கூடப் புவியியல் பாடத்தில் ‘ஃபியோர்டு’ என்ற சொல்லைப் படித்திருப்போம். நார்வே படங்களில் பார்த்திருப்போம். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவில் ஏரிபோல அமைதியாகக் கிடக்கும் கடல். அதுதான் ஃபியோர்டு.

கனடாவின் மேற்குக் கரையில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலும் இப்படிப்பட்ட ஃபியோர்டுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் தெற்கே, வான்கூவர் நகரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பது ஹோவ் சவுண்ட். கடலிலிருந்து வடக்கு நோக்கி சுமார் 42 கிலோமீட்டர் மலைகளுக்குள் நீண்டு, ஸ்குவாமிஷ் என்ற ஊரில் முடிகிறது.

இதை வெட்டியது பனி. கடைசிப் பனியுகத்தில் இந்தப் பகுதி முழுவதும் பனிக்கட்டியால் மூடிக்கிடந்தது. சில இடங்களில் அதன் தடிமன் ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிகம். அவ்வளவு கனமான பனி சும்மா நிற்காது. மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகரும். நகரும்போது அடியிலுள்ள பாறையை அரம்போல அராவிக்கொண்டே போகும். ஆறு வெட்டும் பள்ளத்தாக்கு ‘V’ வடிவில் இருக்கும். பனியாறு வெட்டியது ‘U’ வடிவில், அகலமாகவும் ஆழமாகவும் இருக்கும். பனி உருகிப் பின்வாங்கியதும், அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது.

அந்த அராவலின் அடையாளத்தை இன்றும் பார்க்கலாம். ஸ்குவாமிஷ் ஊருக்கு மேலே சுவர்போல நிற்கும் ‘ஸ்டாவாமஸ் சீஃப்’ என்ற கருங்கல் மலையின் உயரம் சுமார் 700 மீட்டர். உலகெங்கிலுமிருந்து பாறை ஏறுபவர்கள் இங்கே வருகிறார்கள். அருகிலேயே 335 மீட்டர் உயரத்திலிருந்து ஷானன் அருவி கொட்டுகிறது.

ஃபியோர்டின் வாய்ப்பகுதியில் தீவுகள் சிதறிக்கிடக்கின்றன. போவன், கேம்பியர், கீட்ஸ், ஆன்வில் ஆகியவை பெரியவை. ‘ஆன்வில்’ என்றால் கொல்லன் பட்டறையில் இருக்கும் பட்டறைக்கல். தீவின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்.

கடலுக்கு ஒரு வாசற்படி

ஹோவ் சவுண்டின் முக்கியமான விஷயம் கண்ணுக்குத் தெரியாது. அது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

பனியாறு பின்வாங்கும்போது வழியில் சில இடங்களில் நின்று நிதானித்துப் போகும். நிற்கும் இடத்தில், தான் சுமந்துவந்த கல்லையும் மண்ணையும் குவித்துவிடும். போர்ட்டோ கோவ் என்ற இடத்துக்கு அருகே அப்படிக் குவிந்த மேடு ஒன்று, கடலடியில் குறுக்கே கிடக்கிறது. வீட்டு வாசற்படியைப்போல!

படிக்கு இந்தப் பக்கம், அதாவது ஸ்குவாமிஷ் பக்கம், கடலின் ஆழம் 300 மீட்டரை நெருங்குகிறது. படிக்கு மேலே ஆழம் அதைவிடப் பல மடங்கு குறைவு. விளைவு? உள்பக்கம் ஒரு பெரிய கிண்ணம்போல ஆகிவிட்டது. மேல்மட்டத் தண்ணீர் தாராளமாக வந்துபோகும். ஆனால், கிண்ணத்தின் அடியில் இருக்கும் தண்ணீர் எளிதில் மாறாது. வெளிக்கடலிலிருந்து கனமான உப்பு நீர் படியைத் தாண்டி உள்ளே வழியும்போதுதான் அடித்தண்ணீர் புதிதாகும். அது அடிக்கடி நடப்பதில்லை. இடைப்பட்ட காலத்தில் அடியில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும்.

திறந்த கடலில் கொட்டியதை அலை எங்கோ அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே அப்படியில்லை. மேட்டில் செய்தது இந்தப் பள்ளத்தில்தான் வந்து தேங்கும். இந்த ஃபியோர்டின் நல்லது கெட்டது இரண்டையும் தீர்மானிப்பது, ஆறுகள் எதைக் கொண்டுவருகின்றன என்பதுதான்.

பால் கலந்ததுபோல் ஓர் ஆறு

ஹோவ் சவுண்டின் தலைமாட்டில் வந்து சேரும் பெரிய ஆறு, ஸ்குவாமிஷ். நீளம் சுமார் 80 கிலோமீட்டர்தான். ஆனால், வழியில் எலாஹோ, ஆஷ்லு, சியாகமஸ், மாம்குவாம் என்று ஆறுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்கின்றன.

நம்மூர் ஆறுகள் மழையை நம்பி ஓடுபவை. இந்த ஆறுகளுக்கு இரண்டு அம்மாக்கள். கோடைக்காலத்தில் மலை உச்சிகளில் பனியும் பனியாறுகளும் உருகித் தண்ணீர் தருகின்றன. இலையுதிர்காலத்தில் பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் பெருமழை தருகிறது. வெயில் கொளுத்தும் மாதங்களில் ஆறு வற்றாமல் பெருகி ஓடுவதைப் பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும்.

கோடையில் அதன் நிறமும் மாறிவிடும். பனியாறு அராவிய பாறை, மாவுபோல நைந்து தண்ணீரில் கலந்து வருகிறது. அதனால் ஆறு பால் கலந்த பச்சை நிறத்தில் ஓடும். கடலில் சேர்ந்த பிறகும் உடனே கலந்துவிடாது. உப்பு நீரைவிட நன்னீர் லேசானது. எனவே, சில மீட்டர் தடிமனுக்கு ஒரு போர்வைபோலக் கடலின் மேலேயே மிதந்தபடி தெற்கு நோக்கி நகரும்.

இந்த மேல் போர்வையில்தான் சால்மன் குஞ்சுகளின் பயணமும் நடக்கிறது. சால்மன் ஆற்றில் பிறக்கும், கடலுக்குப் போய் வளரும், முட்டையிடுவதற்குப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். எந்த ஆறு என்று எப்படித் தெரியும்? வாசனைதான் வழிகாட்டி. பிறந்த தண்ணீரின் மணத்தை அவை மறப்பதில்லை. முட்டையிட்டதும் பசிபிக் சால்மன்களில் பெரும்பாலானவை இறந்துவிடும். அந்த உடல்களைக் கழுகும் கரடியும் தின்னும். மிச்சம் காட்டு மரங்களுக்கு உரமாகும்.

ஸ்குவாமிஷ் அருகே உள்ள பிராக்கன்டேல் என்ற ஊரில் குளிர்காலம்தோறும் வெண்தலைக் கழுகுகள் கூடுவது இந்த விருந்துக்காகத்தான். 1994-ம் ஆண்டு ஜனவரியில் ஒரே நாள் கணக்கெடுப்பில் 3,769 கழுகுகள் எண்ணப்பட்டன. அது அன்றைய உலக சாதனை!

செம்பு கொடுத்த வாழ்வும் சாவும்

1904-ம் ஆண்டு பிரிட்டானியா ஓடைக்கு மேலே மலையைக் குடைந்து செம்பு எடுக்கத் தொடங்கினார்கள். 1929-ல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே அதிகமாகச் செம்பு எடுக்கும் சுரங்கமாக அது வளர்ந்துவிட்டது. மலைக்குள் தோண்டிய சுரங்கப் பாதைகளின் மொத்த நீளம் 200 கிலோமீட்டருக்கும் அதிகம்.

அந்தக் காலத்தில் இங்கே சாலையும் கிடையாது, ரயிலும் கிடையாது. படகில்தான் வர வேண்டும். வான்கூவர் பக்கமிருந்து ரயில் பாதை 1956-ல்தான் ஸ்குவாமிஷை எட்டியது. அதற்குப் பிறகுதான் சாலை வந்தது. அப்படி ஒதுங்கிக்கிடந்த இடத்தில் பள்ளிக்கூடம், கடை, விளையாட்டுத் திடல் என ஒரு முழு ஊரே உருவானது.

மலை அந்த ஊரைச் சும்மா விடவில்லை. 1915-ம் ஆண்டு மார்ச் மாத இரவு ஒன்றில் மலைச்சரிவு விழுந்து, மேலே இருந்த தொழிலாளர் குடியிருப்பில் 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1921 அக்டோபரில் பெருமழை கொட்டியபோது ஓடையில் அடைபட்டிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. கீழே கடற்கரையில் இருந்த வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. 37 பேர் உயிரிழந்தார்கள்.

1974-ல் சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர்கள் கிளம்பிவிட்டார்கள், இயந்திரங்கள் நின்றுவிட்டன. ஆனால், மலைக்குள் ஒரு வேலை மட்டும் நிற்கவே இல்லை.

செம்பு இருக்கும் பாறையில் கந்தகமும் இருக்கிறது. மழைநீரும் காற்றும் அந்தப் பாறையில் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அமிலம் செம்பைக் கரைக்கும். மலையைக் குடைந்து சல்லடையாக்கி விட்டதால், மழையும் பனி உருகிய நீரும் உள்ளே இறங்கி, அமிலமாகவும் செம்பாகவும் வெளியே வழிந்தன. வட அமெரிக்காவில் ஒரே இடத்திலிருந்து வெளியேறும் உலோக மாசில் இது மிகப் பெரியவற்றில் ஒன்று என்று கணித்தார்கள்.

செம்பு நமக்கு நல்லது, செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிக்கிறோமே என்று தோன்றலாம். தண்ணீரில் கரைந்த செம்பு மிகச் சிறிய அளவில் இருந்தாலே சால்மனின் மோப்ப சக்தியைக் கெடுத்துவிடும். வாசனையை வைத்து வீடு திரும்பும் மீனுக்கு வழி மறந்துவிட்டால்? அளவு கூடினால் உயிரே போய்விடும். இந்தச் செம்பு வந்து கலந்ததும் குஞ்சுகள் நீந்திப்போகும் அதே மேல் போர்வையில்தான்.

சுரங்கம் மட்டும் குற்றவாளியில்லை. அக்கரையில் இருந்த காகிதக்கூழ் ஆலைகளின் கழிவில் டையாக்சின் என்ற நச்சு இருந்தது. ஸ்குவாமிஷில் 1965-ல் தொடங்கிய ஒரு ரசாயன ஆலையிலிருந்து பாதரசம் கசிந்தது. 1988-ல் ஹோவ் சவுண்டில் நண்டு, இறால் பிடிக்கத் தடை வந்தது. வாசற்படிக்கு உள்ளே இருந்த கிண்ணம், ஆறுகளும் ஆலைகளும் கொடுத்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டது.

அடைத்தார்கள்... கழுவினார்கள்!

2001-ல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். பிரிட்டானியா ஓடைக்குள் அமிலத் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்த சுரங்கப் பாதையில், ஒரு பெரிய அடைப்பைப் போட்டு மூடினார்கள். பாட்டிலுக்கு மூடி போடுவதுபோல! அத்தோடு ஓடைக்குள் நேராகக் கொட்டுவது நின்றது. தண்ணீர் மலைக்குள்ளேயே வேறு பாதையில் திரும்பியது.

அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்ய 2005-ல் ஒரு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அதன் அடிப்படை எளிமையானது, சுண்ணாம்பு. அமிலத்தைச் சுண்ணாம்பு முறிக்கும். கரைந்திருந்த உலோகம் பிரிந்து சேறாகக் கீழே படியும். தெளிந்த நீர் கடலின் ஆழத்துக்குக் குழாய் வழியாகப் போகும்.

ஆனால், இந்த வேலைக்கு முடிவே கிடையாது. மலைக்குள் மழை இறங்கும் வரை அமிலம் உருவாகும், அமிலம் உருவாகும் வரை நிலையம் ஓடியாக வேண்டும். 70 ஆண்டுகள் எடுத்த செம்புக்கு, இனி வரும் தலைமுறைகள் எல்லாம் பராமரிப்புச் செலவு செய்ய வேண்டும். செலவு அரசாங்கத்தின் தலையில்!

பலன் கிடைத்தது. செத்துக்கிடந்த கரையோரப் பாறைகளில் கடற்பாசி மீண்டும் ஒட்டியது. 2011-ல் ஓடைக்கு சால்மன் வந்தது.

முட்டைகளுக்கு ஒரு போர்வை

இதே நேரத்தில் ஃபியோர்டின் தலைமாட்டில் இன்னொரு கதை. ஹெர்ரிங் என்று ஒரு மீன். நம் மத்தி மீனுக்குச் சொந்தக்காரர். அது இருந்தால்தான் சால்மன், டால்பின், திமிங்கிலம் எல்லாவற்றுக்கும் சாப்பாடு.

2006-ல் ஸ்குவாமிஷ் ஊரின் ஓடைப் பாதுகாப்புத் தன்னார்வலர்கள் துறைமுக மேடைக்கு அடியில் போய்ப் பார்த்தார்கள். மரத் தூண்களில் ஹெர்ரிங் முட்டைகள் ஏராளமாக ஒட்டியிருந்தன. ஆனால், எல்லாம் செத்த முட்டைகள். காரணம், மரம் உளுத்துப்போகாமல் இருக்கத் தூண்களில் ஏற்றியிருந்த கிரியோசோட் என்ற தார் எண்ணெய்.

தூண்களைப் பிடுங்க முடியாது. எனவே, அவற்றைச் சுற்றித் துணிபோல உறை சுற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். முட்டைகள் பொரிந்தன. சில ஆண்டுகளில் டால்பின் கூட்டங்கள் துள்ளிக்கொண்டு ஹோவ் சவுண்டுக்குள் வந்தன. ஓர்கா திமிங்கிலங்களும் கூனல் முதுகுத் திமிங்கிலங்களும் பின்னாலேயே வந்தன. கோடிகளில் செலவான சுத்திகரிப்பு நிலையமும், சில தன்னார்வலர்கள் சுற்றிய உறையும் ஒரே கடலுக்குத்தான் உயிர் கொடுத்தன.

ஒரே நாளில் 5 லட்சம்

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போதுதான் அடி விழும். சுத்திகரிப்பு நிலையம் வந்த அதே 2005-ம் ஆண்டு, ஆகஸ்ட் 5-ம் தேதி சியாகமஸ் ஆற்றின் பள்ளத்தாக்கில் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டது. அதிலிருந்து சுமார் 40,000 லிட்டர் காஸ்டிக் சோடா ஆற்றில் கொட்டியது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் இறந்தன. ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகக் காத்திருந்த குஞ்சுகளும் அதில் அடக்கம். அந்த ஆறு தேற ஆண்டுகள் பிடித்தன.

ஃபியோர்டின் கரையை மட்டும் காத்தால் போதாது, மலைக்குள் ஓடும் ஒவ்வோர் ஆற்றையும் காக்க வேண்டும் என்பதை அந்த ஒரு நாள் சொல்லிவிட்டது.

ஆற்றுக்கு வழிவிட்ட ஊர்

ஸ்குவாமிஷ் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் 1970-களின் தொடக்கத்தில் நீளமாக ஒரு கரை போட்டார்கள். நிலக்கரித் துறைமுகம் கட்டுவது திட்டம். துறைமுகம் வரவே இல்லை, கரை மட்டும் மிஞ்சியது. அதனால் ஆறு ஒரு பக்கம், அதன் சதுப்புநிலம் மறுபக்கம் என்று பிரிந்துபோனது. கடலுக்குப் போகுமுன் சால்மன் குஞ்சுகள் உப்பு நீருக்குப் பழகிக்கொள்ள அந்தச் சதுப்புநிலம்தான் பால்வாடி. குஞ்சுகள் அதற்குள் போக வழியில்லாமல், நேராக ஆழ்கடலில் தள்ளப்பட்டன.

கோடை மதியங்களில் ஃபியோர்டு வழியே பலமான காற்று வீசும். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கும் விளையாட்டுக்காரர்களுக்கு அந்தக் கரையின் முனை பிடித்தமான இடம். கரையை எடுக்கக் கூடாது என்று அவர்களில் பலர் வருந்தினார்கள். நீண்ட பேச்சுக்குப் பிறகு 2022-ல் கரையின் கடைசிப் பகுதி அகற்றப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஆறு தன் சதுப்புநிலத்தைத் தொட்டது.

பழைய பெயர்... புதிய கேள்வி

‘ஹோவ் சவுண்ட்’ என்ற பெயர், 1792-ல் இங்கே படகில் வந்த ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவர் வைத்தது. அட்மிரல் ஹோவ் என்ற கடற்படைத் தளபதியின் நினைவாக! அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இங்கே வாழும் ஸ்குவாமிஷ் பழங்குடி மக்கள் இதை ‘அட்கட்சம்’ என்கிறார்கள். ‘வடக்கு நோக்கித் துடுப்புப் போட்டுப் போவது’ என்று அதற்குப் பொருள். 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோது, அந்தப் பழைய பெயருக்கே முதலிடம் தந்தது.

மீன்பிடிப்பிலும் கட்டுப்பாடு வந்தது. ஹோவ் சவுண்டின் அடியில் கண்ணாடிக் கடற்பஞ்சுகளால் ஆன திட்டுகள் இருக்கின்றன. சிலிக்காவால் உடம்பு கட்டும் இந்த உயிரினங்கள் கட்டும் திட்டுகள் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன என்று விஞ்ஞானிகள் நம்பியிருந்தார்கள். 1987-ல்தான் இதே மாகாணத்தின் வடக்குக் கடலில் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு இங்கும் தென்பட்டன. கை பட்டாலே நொறுங்கும் அவற்றைக் காக்க, 2019-ல் பல திட்டுகளில் தரையைத் தொடும் வலைகளுக்குத் தடை வந்தது.

இன்னொரு பக்கம், 2006-ல் மூடிய காகிதக்கூழ் ஆலை இருந்த வுட்ஃபைபர் என்ற இடத்தில் இப்போது இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கி ஏற்றுமதி செய்யும் நிலையம் எழும்புகிறது. முகத்துவாரத்துக்கு அடியில் சுமார் 9 கிலோமீட்டருக்குச் சுரங்கம் தோண்டி, அதன் வழியே எரிவாயுக் குழாய் போகிறது. ஸ்குவாமிஷ் மக்களின் நிர்வாக அமைப்பு, தானே சுற்றுச்சூழல் ஆய்வு நடத்தி, நிபந்தனைகளோடு ஒப்புதல் தந்தது. வேலை வாய்ப்பு வரும் என்கிறார்கள் ஒரு சாரார். இப்போதுதான் தேறிய கடல், மறுபடியும் சோதனையா என்கிறார்கள் இன்னொரு சாரார். பிராக்கன்டேலுக்கு வரும் கழுகுகளின் எண்ணிக்கையும் 1994-ன் உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது. அதனால் அந்தக் கேள்வியை யாரும் லேசாக ஒதுக்கிவிட முடியவில்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* வான்கூவரிலிருந்து 99-ம் எண் நெடுஞ்சாலை ஃபியோர்டின் கரையை ஒட்டியே ஸ்குவாமிஷ் வரை போகிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல்.

* ஹார்ஸ்ஷூ பே துறையிலிருந்து போவன் தீவுக்குப் படகு உண்டு. சுமார் 20 நிமிடப் பயணம். ஃபியோர்டின் வாயை நன்றாகப் பார்க்கலாம்.

* கடலடி ‘வாசற்படி’ இருக்கும் இடத்தின் கரையில் போர்ட்டோ கோவ் பூங்கா இருக்கிறது.

* பழைய செம்புச் சுரங்கம் இப்போது அருங்காட்சியகம். சிறிய ரயிலில் ஏற்றி மலைக்குள் கூட்டிப்போகிறார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

* ஆற்றின் பால் நிறத்தைப் பார்க்கக் கோடைக்காலம், கழுகுகளைப் பார்க்க நவம்பர் முதல் ஜனவரி வரை ஏற்ற காலம்.

பயணத்தின் முடிவில் பிரிட்டானியா ஓடைப் பாலத்தில் ஒரு நிமிடம் நின்று கீழே பாருங்கள். சாதாரணமாக, தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும். அதைச் சாதாரணமாக வைத்திருக்க, மலையடிவாரத்தில் அந்தச் சுத்திகரிப்பு நிலையம் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது.